ஸ்ட்ராபெரிக்குப் போகும் மகனுக்கு

அன்பு மகன் கார்த்திக்கு,

அம்மா எழுதுவது. சனிக்கிழமை நண்பர்களைக் கூட்டிக்கொண்டு யூட்டாவில் நம் ஸ்ட்ராபெரி நீர்த்தேக்கத்துக்கு, ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னாய். நான் மாசி முடியும் வரை மதுரையில்தான் இருப்பேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன். வண்டியில் ஏறுமுன் ஒரு தடவை முழுசாகப் படி. சாமான் எல்லாம் நம் புரோவோ வீட்டுக் கராஜில், பச்சைப் பெட்டியில் இருக்கிறது.

மினசோட்டாவில் இத்தனை வருஷம் பழகிய பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வா. அது இயற்கை ஏரி, இது 7,600 அடி உயரத்தில் அணை கட்டித் தேக்கிய தண்ணீர். ஏரியில் நீர்மட்டம் பனிக்காலம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். நீர்த்தேக்கத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே இருப்பார்கள். மட்டம் இறங்கினால் நடுவில் உள்ள ஐஸும் கூடவே இறங்கும், கரையில் ஒட்டிய ஐஸ் தரைமேல் தங்கிவிடும். இரண்டுக்கும் இடையில் அது வளைந்து வெடிக்கும், சில இடத்தில் அடியில் தண்ணீரே இல்லாமல் வெறும் பலகையாகத் தொங்கும். அதனால் அங்கே முதல் இருபது அடிதான் மோசம். நடுவில் பன்னிரண்டு அங்குலம் இருக்கும் நாளிலும் கரையோரம் காலை வாங்கும். ஓடை வந்து சேரும் வாய்களையும், குறுகலான இடங்களையும், பாறை முனைகளையும் சுற்றிப் போ.

கனம் உனக்குத் தெரிந்ததுதான். தெளிவான, கறுத்த ஐஸ் என்றால் ஆள் நடக்க நாலு அங்குலம். வெள்ளை ஐஸுக்குப் பாதி பலம்தான், எட்டு அங்குலமாவது இருக்க வேண்டும். ஓர் இடத்தில் அளந்துவிட்டு எல்லா இடமும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதே. ஐஸ் கடப்பாரையை நீதான் கையில் வைத்துக்கொண்டு முன்னால் போ. இரண்டு மூன்று காலடிக்கு ஒருமுறை ஓங்கி ஒரு குத்து. ஒரே குத்தில் தண்ணீர் பொங்கினால் திரும்பி, வந்த கால்தடத்திலேயே மிதித்து வெளியே வா. பின்னால் வருபவர்கள் ஒருவருக்கொருவர் பத்தடி விட்டு வரட்டும். பேசிக்கொண்டே கூட்டமாக நடப்பது கரையோடு நிற்கட்டும்.

வண்டியை ஐஸ்மேல் ஏற்றவே ஏற்றாதே. உங்கள் ஊரில் பிக்கப் வரிசையாக நிற்கும், தெரியும். ஸ்ட்ராபெரியில் கனம் இருந்தாலும் மேலே கிடக்கும் பனி விடாது. புதுப்பனி நிறைய விழுந்தால் அதன் பாரத்தில் ஐஸ் தாழும், விரிசல் வழியாகவும் பழைய துளைகள் வழியாகவும் தண்ணீர் மேலேறிப் பனியோடு கலந்து கூழாகிவிடும். மேலே உள்ள பனி கம்பளி மாதிரி மூடிக்கொள்வதால் அந்தக் கூழ் எத்தனை குளிருக்கும் சட்டென்று உறையாது. பார்த்தால் வெள்ளைத் தரை, கால் வைத்தால் முழங்கால் வரை ஈரம். பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டிக்காரர்கள் ஸ்ட்ராபெரியில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். முந்தின நாட்களில் பெரிய பனி விழுந்திருந்தால் சாமானைக் குறைத்து, சறுக்குப் பெட்டியில் ஏற்றி, மற்றவர்கள் மிதித்துக் கெட்டியான தடத்திலேயே இழுத்துப் போ. கரையிலிருந்து கால் மைலுக்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை.

பச்சைப் பெட்டியில் சிவப்புக் கயிற்றில் கோத்த ஐஸ் ஊசி ஜோடி நான்கு இருக்கும். அது பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை, ஆளுக்கு ஒன்று கழுத்தில் தொங்க வேண்டும். கோட்டுக்கு மேலே மிதவைச் சட்டை. யாராவது விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு தாறுமாறாக வாங்கும், அது அடங்கும் வரை மிதந்தால் போதும். அதற்குப் பிறகு கைகால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிஷம்தான். வந்த பக்கமே திரும்பி, அந்த ஐஸில் ஊசியைக் குத்தி, காலை நீந்துவது போல் உதைத்து மேலே ஏற வேண்டும். ஏறினதும் எழுந்து நிற்கக் கூடாது, உருண்டுதான் வர வேண்டும். மற்றவர்கள் ஓடிப்போய்க் கை கொடுக்கக் கூடாது. படுத்துக்கொண்டு கயிற்றை எறியுங்கள். மாற்று உடை ஒரு முழு செட் தண்ணீர் புகாத பையில் வண்டியில் இருக்கட்டும்.

இனி மீன் விஷயம். இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

கராஜில் இரண்டு ஆகர், அதாவது டிரில்லில் மாட்டி ஐஸைத் துளைக்கும் திருகு, இருக்கும். எட்டு அங்குலத்தை எடு. ஆறு அங்குலத் துளையில் இருபது அங்குல ட்ரவுட் மீனின் தலையைத் திருப்பி உள்ளே கொண்டுவருவதற்குள் தூண்டில் நரம்பு ஓரத்தில் தேய்ந்து அறுந்துவிடும். ஆகரின் மேல்பக்கம் உள்ள வட்டத் தட்டைக் கழற்றாதே. டிரில்லின் வாய் தளர்ந்தால் ஆகர் தண்ணீருக்குள் போகாமல் அதுதான் தடுக்கும். பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள், குளிர்ந்தால் பாதிதான் வேலை செய்யும். பிளேடில் ஐஸ் பிடித்தால் தரையில் தட்டி உதறாதே, முனை சிதைந்துவிடும். தண்ணீரில் முக்கினால் தானே விட்டுவிடும். துளையில் மிதக்கும் ஐஸ் தூளை அள்ளத் தனிக் கரண்டி இருக்கிறது, அதைத் தொலைத்துவிட்டால் நம் ஜல்லிக்கரண்டியே போதும்.

விடிவதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு துளை போட்டுவிடு. எட்டு அடி ஆழத்தில் தொடங்கி இருபத்தைந்து அடி வரை, சாய்வாக ஒரு வரிசை. ட்ரவுட் விடியும் நேரத்தில் கரையோரத்துப் பாசிப் படுகையை ஒட்டி இரை தேடி வரும். அந்த நேரத்தில் ஆகர் சத்தம் போட்டால் எட்டடித் துளையில் ஒன்றும் நிற்காது. வெயில் ஏறினதும் ஆழமான துளைகளுக்கு நகர்ந்து போ. பத்து மணிக்கு மேல் மந்தமாகும், அதற்காகத் துவண்டுவிடாதே.

உங்கள் ஊரில் வால்ஐ என்ற மீனைப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, தரையிலிருந்து ஓர் அடி மேலே இரையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. ட்ரவுட் தரையில் கிடக்காது, நடுநீரில் சுற்றிக்கொண்டே இருக்கும். சில காலை நேரங்களில் ஐஸுக்கு நாலைந்து அடி கீழேயே போகும். பனிக்காலம் முற்ற முற்ற அடியில் பாசி அழுகி ஆக்ஸிஜன் குறைவதால் இன்னும் மேலே வரும். மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் சோனார் திரையில் அடியை மட்டும் பார்க்காமல் முழுத் தண்ணீரையும் பார். கோடு தெரிந்தால் இரையை அதற்குச் சற்று மேலே பிடி. ட்ரவுட் ஏறி வந்து தின்னும், இறங்கித் தேடுவது அரிது.

ஆறு பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு, இரண்டரை அங்குல வெள்ளை ட்யூப் ஜிக் (குழாய் மாதிரி இருக்கும் போலி இரை), உள்ளே கால் அவுன்ஸுக்குக் குறைந்த எடையில் முள்தலை, முள்ளில் நகக்கண் அளவு மண்புழு. மண்புழுவை முழுசாகக் கோத்தால் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். ஓர் அடி தூக்கு, நரம்பு லேசாக இழுவையில் இருக்கும்படியே இறக்கு, பத்து எண்ணும் வரை அசையாமல் பிடி. கடி விழுவது இறங்கும்போதோ அசையாமல் இருக்கும்போதோதான். இழுப்பு வரும் என்று காத்திருக்காதே, ஏறி வந்து கடிக்கும் மீன் இழுக்காது. நரம்பு திடீரென்று தொய்ந்தால் உடனே தூக்கு. உயிர்மீனை இரையாகப் போடுவது யூட்டாவில் சட்டப்படி குற்றம். அந்த வாளியைக் கொண்டுவரவே வேண்டாம். இரண்டாவது தூண்டிலைக் கவனிக்காமல் வைத்தால் அதை எதிலாவது கட்டி வை, பெரிய மீன் கம்போடு துளைக்குள் போய்விடும். நரம்பு உருவும் இறுக்கத்தை, அதாவது ரீலின் டிராக்கை, மினசோட்டாவில் வைப்பதைவிடத் தளர்த்து. துளை வெளிச்சத்தைப் பார்த்ததும் ஒரு பாய்ச்சல் பாயும், அப்போது கம்பு நுனியைத் துளைக்குள் இறக்கினால் நரம்பு ஓரத்தில் உரசாது.

பிடித்ததும் தாடைக்கு அடியில் பார். ஆரஞ்சுச் சிவப்பில் கீறல் இருந்தால் அது கட்த்ரோட் என்ற ட்ரவுட் வகை. கலப்பினம் என்று நண்பர்கள் வாதம் செய்தாலும் கீறல் இருந்தால் கணக்கு கட்த்ரோட்தான். அதில் 15 முதல் 22 அங்குலம் வரை உள்ளதை அப்போதே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ட்ரவுட்டும் கொக்கனி என்ற சால்மனும் சேர்த்து ஆளுக்கு நாலு. அதில் 15க்குக் கீழே கட்த்ரோட் இரண்டு, 22க்கு மேலே ஒன்று, அவ்வளவுதான். ரெயின்போ ட்ரவுட்டுக்கு அளவுத் தடை இல்லை. நம் நீலகிரி அவலாஞ்சியில் வளர்ப்பது இந்த ரெயின்போதான். இந்த விதி சும்மா வந்ததல்ல. சப் என்ற மீன் பெருகி நீர்த்தேக்கத்தையே விழுங்கியதால் 1990இல் ரோட்டெனோன் என்ற மீன்கொல்லி மருந்து போட்டு எல்லா மீனையும் கொன்று, பேர் லேக் கட்த்ரோட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெரிதானதும் சப்பைத் தின்னும். அந்த வேலையைச் செய்யும் அளவு மீனைத்தான் விதி காப்பாற்றுகிறது. எதற்கும் இந்த வருஷத்து விதிப் புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடு. நீங்கள் வெளிமாநிலத்துக்காரர்கள், ஆளுக்கு ஒரு மூன்று நாள் உரிமம் வாங்கிவிடுங்கள்.

விட வேண்டிய மீனைப் பனிமேல் போடாதே. மைனஸ் பத்தில் செவுளும் கண்ணும் நொடியில் உறையும், பிறகு விட்டாலும் பிழைக்காது. கையுறையைக் கழற்றி, கையை நனைத்து, மீன் துளைக்குள் இருக்கும்போதே முள்ளை எடு. படம் எடுக்க வேண்டுமென்றால் ஒருவன் போனைத் தயாராக வைத்த பிறகு தூக்கு. முள்ளை விழுங்கியிருந்தால் நோண்டாமல் நரம்பை வெட்டிவிடு.

கூடாரத்துக்குள் புரொபேன் ஹீட்டர் வைப்பாய். ஏழாயிரம் அடிக்கு மேல் ஆக்ஸிஜன் குறைவைக் கண்டுபிடிக்கும் அதன் காவல் கருவி தானே அதை அணைத்துவிடலாம். கெட்டுப்போனதாக நினைத்து அந்தக் காவலைக் கழற்றும் வேலை வேண்டாம். ஹீட்டரை நம்பாமல் துணியை நம்பு. உள்ளே பருத்தி கூடாது, கம்பளிதான். உட்காரும் இடத்தில் காலுக்கு அடியில் ரப்பர் பாய். ஹீட்டர் எரிந்தால் மேலும் கீழும் காற்றுத் துவாரம் திறந்திருக்கட்டும். யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு என்றால் முதலில் அவனை வெளியே கூட்டிப் போ, காரணத்தைப் பிறகு பார்க்கலாம். அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீக்குத் தூள் கொஞ்சம் கூட்டிப் போடு, இல்லாவிட்டால் வெந்நீர் குடித்த மாதிரிதான்.

மீனை அங்கேயே துண்டு போடக் கூடாது, தலையும் வாலும் வீடு வரும் வரை இருக்க வேண்டும். வயிற்றைக் கீறி, முதுகெலும்பை ஒட்டிய கறுப்பு இரத்தத்தைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துக் கழுவு. அது தங்கினால் வாடை வரும். செதில் பொடிசு, சுரண்ட வேண்டியதில்லை. புளிக்குழம்பில் போடாதே, சதை மெலிசு, கரைந்துவிடும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவி அரை மணி நேரம் வைத்து, பக்கத்துக்கு நாலு நிமிஷம் வறுத்தால் போதும்.

ஹீபர் ஊரைத் தாண்டி டேனியல்ஸ் கணவாயில் போன் எடுக்காது. ஹீபரிலேயே நிறுத்தி, எந்தப் படகுத்துறையில் இறங்கப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அப்பாவுக்கு எழுதி அனுப்பு. டயரையும் பார்த்துக்கொள், அந்த ஏற்றத்தில் பழைய டயர் ஏறாது.

அன்புடன்,
அம்மா