சிவப்பு மையில் தப்பு போட்டால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செங்கோட்டையை அடுத்த புளியரையில், கேரளாவுக்குப் போகும் லாரிக்காரர்களை நம்பி டீக்கடை வைத்திருக்கிறேன். நான்காம் வகுப்புப் பேத்தி, 403-இல் 178-ஐக் கழித்து 375 என்று எழுதியிருந்தாள். நோட்டில் சிவப்பு மையில் தப்பு. டியூஷனில் அதே மாதிரி முப்பது கணக்கு, முப்பதும் தப்பு. என்னிடம் அடியும் வாங்கினாள்.

புதிதாக வந்த டீச்சர்தான், "எப்படிப் போடுறேன்னு வாயால சொல்லிக்கிட்டே போடு" என்றாராம். விஷயம் வெளியே வந்தது. மேலே கீழே பார்க்காமல் பெரிய எண்ணில் சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள். 3-இல் 8 போகாதா, சரி, 8-இல் 3! கடன் வாங்கத் தெரியவில்லை. (எங்கள் கடை நோட்டு முழுக்கக் கடன்தான், அதைப் பார்த்தும்!) டீச்சர் நூறு ரூபாயைப் பத்துப் பத்தாகச் சில்லறை மாற்றிக் காட்டி, நடுவில் சைபர் வரும் கணக்கு ஐந்தே ஐந்து கொடுத்தார். மறுநாள் மூன்று, ஒரு வாரம் விட்டு இரண்டு. இப்போது கல்லாவில் மீதிச் சில்லறை எண்ணித் தருவது அவள்தான்.

அரசு தொடக்கப் பள்ளிகளுக்காக 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்தார்கள், நல்லதுதான். ஆனால் ஒரே மொட்டுக்குள்ளும் ஒவ்வொரு பிள்ளை சறுக்கும் இடம் வேறு. அதை நோட்டில் ஒரு வரி எழுத ஆசிரியர்களுக்கு நேரம் கொடுங்கள். பதிவேட்டு வேலையைக் குறைத்தாலே கிடைக்கும்.

இப்படிக்கு,
டீக்கடைக்காரர் ஒருவர்,
புளியரை, தென்காசி மாவட்டம்.