கிரியோலுக்கு இலக்கணம் இல்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் செயற்கை மொழிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புதுமொழி படைப்பவர்கள் வளமான மொழிகளிடம்தான் இலக்கணத்தைக் கடன் வாங்க வேண்டுமாம். 'கிரியோல் போன்ற இலக்கணமற்ற பேச்சு' எதற்கும் உதவாதாம். பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியைப் பெரும்பாலோர் பேசும் மொரிஷியஸில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதத் தனித் தைரியம் வேண்டும். வாழ்த்துகள்.

கிரியோலில் 'மோ மான்ஸே' என்றால் 'நான் சாப்பிடுகிறேன்'. அதன் நடுவே 'தி' வைத்தால் இறந்தகாலம், 'பே' வைத்தால் நடந்துகொண்டிருக்கிறது, 'பு' வைத்தால் இனிமேல்தான். சாப்பிட்ட பொருள் பின்னால் வந்தால் வினையே குறுகிவிடும்: 'மோ தி மான்ஸ் திபேன்', அதாவது 'நான் ரொட்டி சாப்பிட்டேன்'. அங்கே 'மான்ஸே திபேன்' என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளையே சிரிக்கும். விதி இல்லாமலா சிரிக்கிறது?

1887-ல் சாமன்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் நான், நீ, அவன் யாராக இருந்தாலும் வினை மாறாது. கட்டுரையாளர் அதை 'மேதைமையான எளிமை' என்கிறார். கிரியோலிலும் மாறாது ஐயா! அங்கே மேதைமை, இங்கே இலக்கணமின்மை.

எழுத்தாளர் டோல்கீன் ஃபின்னிஷ் மொழியில் மயங்கி, தன் கதைகளுக்காகக் குவென்யா என்ற மொழியைச் செய்தார், சரி. 'அவதார்' படத்துக்காகப் பால் ஃப்ராமர் அமைத்த நாவி மொழியில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு உண்டு. அது தமிழுக்கும் உண்டு என்று ஒரு வரி சேர்க்கக்கூடவா இடமில்லை? மொத்தக் கட்டுரையிலும் தமிழ் என்ற சொல்லே இல்லை. 1998-ல் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் மொழிகளின் வரிசையை மாற்றித் தமிழைக் கீழே இறக்கியபோது எவ்வளவு கொதித்தோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இப்போது நம் பத்திரிகையிலேயே நம்மைக் காணோம்.

என் பேரன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு மொழி கட்டிக்கொண்டிருக்கிறான். பெயருக்குப் பின்னால் தமிழ் மாதிரி வேற்றுமை உருபு, வினைக்கு முன்னால் கிரியோல் மாதிரி காலக்குறி. பென்சிலால் எழுதி, அழித்து, தாளே கிழிந்திருக்கிறது. பள்ளியில் காட்டினானாம். "பிரெஞ்சிலிருந்து எடுத்திருந்தால் உருப்பட்டிருக்கும்" என்றாராம் ஆசிரியர். அவரும் உங்கள் வாசகர்தானோ என்னவோ!

2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் கிரியோல் பாடமாகவே இருக்கிறது. இலக்கணம் இல்லாமல் எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கட்டுரையாளர் ஒருநாள் போய்ப் பார்க்கலாம்.

அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள், போதும். அப்புறம், போன முறை என் கடிதத்தைப் பாதியாக வெட்டி, சந்திப் பிழைகளையும் சேர்த்து வெளியிட்டீர்கள். இம்முறை வெட்டுவதானாலும் ஒற்றுகளை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ் ஹில்