ஆண்டறிக்கை: துய்மா என்னும் பெயரைத் தேடிய ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

புதுச்சேரியின் வெள்ளை நகரத்து வீதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பெயர் யாருடையது, அந்தக் குடும்பப்பெயரைத் தாங்கியோர் உலகில் வேறு எவரெவர், எந்தெந்த ஊர்கள் என்று ஓராண்டு முழுவதும் திரட்ட வேண்டும் எனச் சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். துய்மா வீதியைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. அந்த வீதி புகழ்பெற்ற பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்த்ர் துய்மாவின் பெயரால் அமைந்தது என்று வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளிடம் சொல்வதை நம் உறுப்பினர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அந்த நாவலாசிரியர் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டுப் போன ஓர் ஆளுநரின் பெயர் அது. இந்தப் பிழையைத் திருத்தவே பணியைத் தொடங்கினோம். தொடங்கிய பின் அது எங்களை எங்கெங்கோ இட்டுச் சென்றது.

முதல் இரண்டு மாதக் கூட்டங்கள் பெயரை எவ்வாறு எழுதுவது என்பதிலேயே கழிந்தன. தமிழ் இதழ்களில் டூமா, டூமாஸ், துமாஸ் என்று பலவாறு காணப்படுகிறது. பிரெஞ்சில் இறுதி 'ஸ்' ஒலிப்பதில்லை. முதலெழுத்தின் உயிரொலி உகரத்திற்கும் இகரத்திற்கும் நடுவே நிற்பது. துய்ப்ளே, சுய்ப்ரேன் என்று நம் ஊரில் எழுதும் வழக்கத்தையே பின்பற்றித் துய்மா என்று எழுதுவதென முடிவாயிற்று. பிரெஞ்சு வாடையற்ற ஊர்களில் இப்பெயர் எவ்வாறு ஒலித்தாலும், நாங்கள் தொகுத்த பெயர் அட்டவணையின் சீர்மைக்காக இவ்வறிக்கையில் ஒரே வடிவத்தையே ஆள்கிறேன்.

பெயரின் பொருள் எளிது. தென் பிரான்சின் ஒக்சித்தான் மொழியில் 'மா' என்பது வயலுடன் கூடிய பண்ணை வீட்டைக் குறிக்கும். துய்மா என்றால் பண்ணை வீட்டைச் சேர்ந்தவர். நம் ஊர்களில் தோட்டத்து வீட்டார், மேட்டு வீட்டார் என்று குடும்பங்களை அழைப்பதை உறுப்பினர் ஒருவர் ஒப்பிட்டுச் சொன்னது மிகப் பொருத்தமாக இருந்தது. தோட்டத்து வீட்டார் எல்லோரும் ஒரே வம்சத்தவர் அல்லர் என்பது நமக்குத் தெரியும். துய்மாக்களும் அவ்வாறே. இவ்வறிக்கையில் வருவோரில் தந்தை, மகன், பேரன் என்று தெளிவாகத் தெரிந்த மூவரைத் தவிர மற்றவர்களை உறவினர்களாகக் கொள்ள எந்த ஆதாரமும் எங்களுக்குக் கிட்டவில்லை.

இனி நம் வீதிக்குரியவர். பெனுவா துய்மா 1727 முதல் 1735 வரை, இன்று ரெயூனியோன் எனப்படும் பூர்போன் தீவை ஆண்டு, 1735-இல் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்து 1741 வரை பதவியில் இருந்தார். அவருக்குப் பின் வந்த துய்ப்ளேயின் பெயர் பள்ளிப் புத்தகம் வரை சென்றுவிட்டது. துய்மா அந்த நிழலில் மறைந்துபோனார். இது நியாயமன்று என்பது என் கருத்து. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து புதுச்சேரியில் ரூபாய் நாணயம் அச்சிடும் உரிமையை 1736-இல் பெற்றவர் இவரே. தஞ்சை மராத்திய அரசின் வசமிருந்த காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். தஞ்சை மன்னர் சாகுஜி முதலில் வாக்களித்துப் பின்னர் தயங்கியபோது, நவாபின் மருமகன் சந்தா சாகிபின் துணைகொண்டு அந்தக் காரியம் முடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியது 1736 செப்டம்பர் 6-ஆம் நாள். அதன் தொடக்கப் பக்கங்கள் எல்லாம் துய்மாவின் ஆட்சிக்காலத்துப் புதுச்சேரியே என்பதை நம்மில் பலர் இவ்வாண்டில்தான் எண்ணிப் பார்த்தோம்.

1740 மே மாதம் ரகூஜி போன்ஸ்லேயின் மராத்தியப் படை தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலியைக் கொன்றது. நவாபின் குடும்பத்தாரும் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் பெண்டு பிள்ளைகளோடும் பொருளோடும் புதுச்சேரிக் கோட்டை வாயிலுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். அவர்களை உள்ளே விட்டால் மராத்தியர் பகை நிச்சயம். துய்மா ஆலோசனைச் சபையைக் கூட்டி, அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டார். அவர்களை ஒப்படைக்கும்படியும் கப்பம் கட்டும்படியும் ரகூஜி கேட்டபோது மறுத்துவிட்டார். தூது வந்தவருக்குக் கோட்டையின் வலிமையைச் சுற்றிக் காட்டி, பிரெஞ்சு மதுக் குப்பிகள் சிலவற்றைப் பரிசாகக் கொடுத்தனுப்ப, அந்த மதுவின் சுவையே ரகூஜியின் அந்தப்புரம் வரை சென்று சினத்தைத் தணித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், புதுச்சேரி தாக்கப்படவில்லை. முகலாயப் பேரரசர் முகமது ஷா துய்மாவுக்கு நவாப் பட்டமும் நாலாயிரத்து ஐந்நூறு குதிரைகளுக்குரிய மன்சப் என்னும் படைத்தகுதிப் பதவியும் அளித்தார். அவை அடுத்து வரும் ஆளுநருக்கும் செல்லும்படி கேட்டுப் பெற்றதால், 1742 சனவரியில் வந்த துய்ப்ளே நவாபாகவே பதவியேற்க முடிந்தது.

இந்தப் பெருமைகளை எழுதும் கையால் இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. துய்மா முன்னர் ஆண்ட பூர்போன், 1723-ஆம் ஆண்டின் அடிமைச் சட்டம் நடைமுறையில் இருந்த தீவு. அங்கே காப்பித் தோட்டங்கள் பெருகியது மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுபோகப்பட்ட அடிமைகளின் உழைப்பால். வீதியின் பெயர்ப்பலகைக்கு அருகே வைக்க நாம் தயாரித்த குறிப்பில் இதைச் சேர்க்க வேண்டுமா என்று செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. சேர்ப்பது என்றே முடிவாயிற்று. அந்த முடிவுக்காக மகிழ்கிறேன். ஏனெனில் துய்மா என்ற பெயருக்கு உலகப் புகழ் வந்த வழியும் ஓர் அடிமைப் பெண்ணிடமிருந்தே தொடங்குகிறது.

அவர் மரி-செசெத் துய்மா. பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த சேன்-தொமேங், அதாவது இன்றைய ஹைத்தி, அங்கே ழெரெமி என்னுமிடத்தில் தவி தெ லா பய்யெத்ரி என்ற பிரபுவின் அடிமையாக வாழ்ந்தவர். பண்ணையைச் சேர்ந்தவள் என்று குறிக்கவே அவருக்குத் துய்மா என்ற பெயர் வந்திருக்கலாம் எனக் கருதுவோர் உண்டு. அவ்விருவருக்கும் 1762 மார்ச் 25-இல் பிறந்த மகன் தொமா-அலெக்சாந்த்ர். தந்தை பிரான்சுக்குத் திரும்பக் கப்பல் கூலி இல்லாமல், பெற்ற மகனையே மீட்கும் உரிமையுடன் விற்றார். பிறகு பணம் கிடைத்ததும் மீட்டு, 1776-இல் பிரான்சுக்கு வரவழைத்தார். தாய் வரவில்லை. மகன் 1786-இல் சாதாரணக் குதிரைப்படை வீரனாகச் சேர்ந்தபோது, பிரபுவான தந்தையின் பெயரை விட்டுத் தாயின் பெயரை எழுதிக் கொடுத்தார். தன் பெயர் படைக் கடைநிலையில் இழுபடுவதைத் தந்தை விரும்பவில்லை என்பது வழங்கும் காரணம். எக்காரணத்தால் ஆயினும், அடிமையாக இருந்த ஒரு தாயின் பெயர் அன்று பிரான்சின் படைப் பதிவேட்டில் ஏறியது. ஏழே ஆண்டுகளில், 1793-இல், அவர் தளபதியானார். 1797-இல் தீரோல் மலைநாட்டில் ஒரு பாலத்தைத் தனியொருவராக நின்று காத்தார். நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்று, அவரோடு மனம் வேறுபட்டுத் திரும்பும் வழியில் தாராந்தோவில் பிடிபட்டு, நேப்பிள்ஸ் அரசின் சிறையில் இரண்டாண்டு கிடந்து உடல் நலிந்தார். 1806-இல் இறந்தபோது அவர் மனைவிக்கு ஓய்வூதியம்கூடக் கிடைக்கவில்லை. கூட்டத்தில் இப்பகுதியை வாசித்த மூத்த உறுப்பினர் இடையே நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை இங்குப் பதிவு செய்கிறேன்.

அவருடைய மகனே உலகறிந்த நாவலாசிரியர். தந்தை இறந்தபோது அவருக்கு வயது நான்குகூட ஆகவில்லை. 1802 சூலை 24-இல் அவர் பிறந்த வில்லேர்-கொத்தெரே என்ற சிற்றூர், 1539-இல் பிரெஞ்சை நீதி நிருவாக மொழியாக்கிய அரசாணை பிறந்த ஊரும் ஆகும். அவருடைய நாவல்களை நம் உறுப்பினர்கள் எல்லோரும் அறிவார்கள் ஆதலால் அவற்றைப் பற்றி இங்கு எழுதவில்லை. 1870 டிசம்பரில் இறந்த அவருடைய எச்சங்கள் 2002 நவம்பர் 30-இல் பாரிசின் பாந்தெயோன் நினைவாலயத்திற்கு மாற்றப்பட்டன. பாரிஸ் மெட்ரோவின் இரண்டாம் தடத்தில் அவர் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. அவர் மகனும் அதே முழுப்பெயர் உடையவர். ஆகவே பிரெஞ்சில் தந்தை துய்மா, மகன் துய்மா என்றே பிரித்துச் சொல்கிறார்கள். பிரெஞ்சு அகாதெமி தந்தையைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. மகனை 1874-இல் ஏற்றுக்கொண்டது.

இம்மூவருக்கும் சேர்ந்த இடம் ஒன்று பாரிசில் உண்டு. இன்று தளபதி கத்ரு சதுக்கம் எனப்படும் அவ்விடத்தில் நாவலாசிரியர், அவர் மகன், தளபதி ஆகிய மூவருக்கும் சிலைகள் நின்றதால், மூன்று துய்மாக்களின் சதுக்கம் என்று மக்கள் அழைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பாரிசை ஆக்கிரமித்திருந்த காலத்தில் தளபதியின் சிலை மட்டும் அகற்றி அழிக்கப்பட்டது. அந்தச் சதுக்கத்தில் 2009-இல் அவர் நினைவாக வைக்கப்பட்டது உருவச்சிலை அன்று. உடைந்து கிடக்கும் பெரியதோர் அடிமை விலங்கு.

வேதியியலாளர் ழான்-பத்தீஸ்த் துய்மாவைப் பற்றிய கூட்டத்திற்குத்தான் இவ்வாண்டில் மாணவர்கள் மிகுதியாக வந்தார்கள். 1800 சூலை 14-இல் தென் பிரான்சின் அலேஸ் நகரில் பிறந்தவர். துய்லெரி அரண்மனை விருந்தொன்றில் மெழுகுவத்திகள் கண்ணைக் கரிக்கும் புகை விட்டபோது, காரணம் காணும் பொறுப்பு இவரிடம் வந்தது. மெழுகை வெளுக்கப் பயன்படுத்திய குளோரின் மெழுகுக்குள்ளேயே புகுந்து, ஹைட்ரஜனின் இடத்தில் அமர்ந்து, எரியும்போது அமிலமாக வெளியேறுகிறது என்று கண்டார். ஓர் அணுவின் இடத்தில் வேறோர் அணு உட்காரலாம் என்ற கருத்து அன்றைய வேதியியலையே அசைத்தது. பொருளை எரித்து வெளியேறும் நைட்ரஜனை அளக்கும் இவருடைய முறை, உணவிலும் கால்நடைத் தீவனத்திலும் உள்ள புரத அளவைக் கணக்கிட இன்றும் ஆய்வுக்கூடங்களில் துய்மா முறை என்ற பெயரிலேயே நடக்கிறது. பிறந்த ஊரில் பட்டுப்புழுக்கள் நோயால் மாண்டபோது, 1865-இல் அந்நோயை ஆராய அறிவியலாளர் பாஸ்தரை வற்புறுத்தி அனுப்பியவரும் இவரே. ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் இவர் பெயரும் உண்டு.

மற்றவர்களை அட்டவணையில் விரிவாகக் காணலாம். மோன்பெலியேயில் பிறந்து, 1812-இல் நெப்போலியனின் பெரும்படைக்கு வழங்கல் பொறுப்பாளராக இருந்த மத்தியே துய்மா. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தெரான் ஆட்சியில் வெளியுறவு அமைச்சராக இருந்து, 101 வயது வாழ்ந்து 2024-இல் மறைந்த ரோலான் துய்மா. கடலாய்வாளர் கூஸ்தோவுடன் கடலடியில் மூழ்கிய ப்ரெதெரிக் துய்மா. கேப் டவுனில் 1953-இல் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வாழும் ஓவியர் மர்லீன் துய்மா ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 1956 சூன் 29-இல் ஏழடி உயரத்தை முதன்முதலில் தாண்டி, அவ்வாண்டே மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கர் சார்லஸ் துய்மாவும் கறுப்பினத்தவர். தளபதிக்கு அருகே அவர் பெயரையும் வைத்திருக்கிறோம்.

ஊர்களில் அமெரிக்காவின் டெக்சஸ், ஆர்கன்சா மாநிலங்களில் இப்பெயருடைய நகரங்கள் உள்ளன; இரண்டும் அவற்றை நிறுவியவர்களின் குடும்பப்பெயரால் வந்தவை, நாவலாசிரியருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. குஜராத்தில் சூரத்துக்கு அருகே கருமணல் கடற்கரைக்குப் பேர்போன டுமஸ் என்ற ஊரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றே. சூரத்தில் பிரெஞ்சு வணிகக் கிடங்கும் இருந்ததால் சிலர் உறுதியாக நம்பினார்கள். ஆனால் அது குஜராத்தி ஊர்ப்பெயர்; எழுத்து ஒற்றுமையை மட்டும் கொண்டு சேர்ப்பதற்கில்லை என்று நீக்கிவிட்டோம்.

நம் வீதியிலேயே நடத்திய நடைப்பயணம் உறுப்பினர்களுக்கு மிகுந்த மனநிறைவு தந்தது. கப்ஸ் கோவில் என்று நம்மவர் அழைக்கும், 1855-இல் கட்டப்பட்ட தேவதூதர்களின் அன்னை ஆலயத்தில் தொடங்கி, தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் மையம் வரை சென்றோம். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுப்புகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அவற்றின் ஒரு பகுதிக்கு உரியது அந்த மையமே என்பதை அங்கேயே நின்று இளைஞர்களுக்கு எடுத்துச் சொன்னோம்.

வருத்தத்திற்குரிய ஒன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். நம் சிறு வெளியீட்டின் அட்டையில் ஆளுநரின் பெயருக்கு மேல் நாவலாசிரியரின் படம் அச்சாகி வந்துவிட்டது. மெய்ப்புத் திருத்தியது நான் ஆகையால் பொறுப்பு என்னுடையது. அட்டையை மாற்றி அச்சிட்ட செலவைப் பொருளாளர் தம் கணக்கறிக்கையில் தனியே காட்டியுள்ளார். பழைய அட்டையுள்ள பிரதிகள் வைத்திருப்போர் அலுவலகத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டுகிறேன். மழைக்காலத்தில் ஒரு மாதக் கூட்டம் நடைபெறவில்லை. ஏனையவை முறைப்படி நடந்தன.

வரும் ஆண்டிற்கு லபூர்தொன்னே வீதியை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. துய்மாவுக்குப் பின் மொரீசியசையும் பூர்போனையும் ஆண்டவர் அவர். அவர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து மொரீசியசுக்குச் சென்ற கொத்தர்களையும் தச்சர்களையும் பற்றிய செய்திகளைத் திரட்ட உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பழந்தாள்களைப் பார்த்து உதவ வேண்டும். இம்முன்மொழிவையும் இவ்வறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்