தகட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஷிப்ட் வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. முட்டி வலி எப்படி இருக்கிறது? எனக்கும் தொடங்கிவிட்டது, இடது பக்கம்.

பையனுக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி. "அங்கேதான் கஞ்சா சட்டப்படி செல்லுமாமே, கம்பெனிக்காரன் ஒன்றும் சொல்ல மாட்டானா?" என்று கேட்டிருந்தாய். கிடங்கு சூப்பர்வைசரிடம் கேட்கிற கேள்வியாடா இது! என் தலைவலியே அதுதான்.

இங்கே கலிஃபோர்னியாவில் 2016-ல் வாக்கெடுப்பில் ஜெயித்து, 2018 ஜனவரியில் கடை திறந்தார்கள். 21 வயதானால் வாங்கலாம். ஆனால் வேலை விஷயத்தில் முதலாளியின் கையை யாரும் கட்டவில்லை. வாங்குவதும் குற்றமில்லை, வாங்கியவனை வேலையை விட்டு அனுப்புவதும் குற்றமில்லை. அப்போது என்னிடம் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் இருந்தார், ஒன்பது வருட அனுபவம். ஒருநாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ரேக்கின் காலில் இடித்துவிட்டார். மேலிருந்த பெட்டி ஒன்று சாய்ந்தது, அவ்வளவுதான். யாருக்கும் அடியில்லை. விதிப்படி சிறுநீர் சோதனைக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மகளின் பள்ளி நாடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான்கு நாள் கழித்து முடிவு வந்தது: கஞ்சா. "முதுகு வலிக்கு ராத்திரி படுக்கும்போது எடுப்பேன், வேலை நேரத்தில் தொட்டதில்லை" என்றார். நான் நம்பினேன். கம்பெனிக்கு நம்ப வேண்டிய அவசியமே இருக்கவில்லை. லாக்கரைக் காலி செய்யும்போது பக்கத்தில் நின்றவனும் நான்தான்.

அந்தச் சோதனை போதையைப் பார்ப்பதில்லை, சேகர். உடம்பு அதைக் கரைத்த பிறகு மிஞ்சும் கழிவைப் பார்க்கிறது. அது கொழுப்பில் தங்கும், தினமும் எடுப்பவருக்கு வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். அடுப்புச் சாம்பலைக் காட்டி, இப்போது உலை கொதிக்கிறது என்று சொல்வது போல.

2024 ஜனவரி 1 முதல் அந்தச் சாம்பலை வைத்து இங்கே யாரையும் அனுப்ப முடியாது. நேர்முகத்தில், முன்பு பயன்படுத்தியதுண்டா என்று கேட்கவும் கூடாது. கட்டுமான வேலைக்கும், மத்திய அரசின் பின்னணிச் சோதனை தேவைப்படும் வேலைக்கும் விலக்கு உண்டு. போதையோடு வேலைக்கு வந்தால் மட்டும் இப்போதும் அனுப்பலாம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சாராயத்துக்கு ஊதச் சொன்னால் ஓர் எண் வரும். இதற்கு அப்படி நம்பக்கூடிய எண் கிடையாது. எச்சில் சோதனையில் சமீபத்தில் எடுத்தது தெரியும், எவ்வளவு தடுமாறுகிறான் என்பது தெரியாது. ஆகவே என் கையில் ஒரு படிவம்: கண் சிவப்பு, பேச்சு, நடை, வாசனை.

போன மாதம் ஒரு பையன் செக்கச்செவேலென்ற கண்ணோடு வந்தான். கேட்டதற்கெல்லாம் தாமதமாகப் பதில். படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால், வீட்டில் மூன்று வாரக் கைக்குழந்தை, ராத்திரி இரண்டு மணிநேரத் தூக்கம். அதற்காக ஃபோர்க்லிஃப்டில் ஏற்றிவிட முடியுமா? அன்றைக்கு லேபிள் ஒட்டும் மேசையில் உட்கார வைத்தேன். சிறுநீர்ப் புட்டி இருந்த காலத்தில் "இவன் இன்று ஓட்டத் தகுந்தவனா" என்று நான் யோசித்ததே இல்லை. புட்டி சொல்லும், நான் கையெழுத்துப் போடுவேன். புதுச் சட்டம் சரிதான். ஆனால் பாரம் முழுக்க என் கண்ணில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதுவும் இந்த வயதில்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் கிடங்கு வாசலுக்கும் லாரிக்கும் நடுவே ஓர் இரும்புத் தகடு போட்டுச் சாமான் ஏற்றுவோம். தகட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்குச் சனிக்கிழமை இரவு அவன் சொந்த விஷயம். அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிறவருக்கு வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் விதி. அவருக்கு இன்னும் அதே சாம்பல் சோதனைதான். பிடிபட்டால், 2020-லிருந்து நடக்கும் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். லாரி ஓட்ட வேலைக்கு எடுக்கும் கம்பெனி எதுவானாலும் அதைப் பார்த்தாக வேண்டும்.

உன் பையனும் அந்தப் பக்கம்தான், லாரி ஓட்டாவிட்டாலும். கஞ்சாக் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து இன்னொரு ஆஃபர் வந்திருக்கிறது, சம்பளம் அதிகம் என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. அவன் அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவன். மாநிலம் அனுமதித்தாலும் கஞ்சா எடுப்பது மட்டுமல்ல, அந்தத் தொழிலில் வேலை பார்ப்பதே "நன்னடத்தை" இல்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளக் காரணமாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. செடியைத் தொடவே இல்லை, கணக்குதான் எழுதினேன் என்பதெல்லாம் அங்கே எடுபடும் என்று நம்பி இறங்காதீர்கள். முதல் வேலையையே எடுத்துக்கொள்ளச் சொல். இல்லை, அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கையெழுத்துக்கு முன் ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. பத்து மணிக்கு மேல் பண்ணு, சனி ராத்திரி எனக்கு ஷிப்ட்.

அன்புடன்,
ரவி