பிரியாம் எங்கே, பாப்பா?

பாளையங்கோட்டை,
12.10.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் சாப்பாடு, குளிர், அம்மாவின் முழங்கால் என்று மூன்று விஷயத்தோடு முடிந்துவிடுகிறது. நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதை வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் வரும், முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதிப் பிழைத்தவன்தானே. எதிர்வீட்டுத் தம்பி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

நீ அனுப்பிய அந்த இருபத்தெட்டு நிமிடப் பாட்டைக் கேட்டுவிட்டேன். ஒரே மூச்சில் இல்லை. முதல் தடவை நாலாவது நிமிடத்திலேயே அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "மிக்ஸி எரிஞ்சுபோச்சா?" என்று கேட்டாள். அப்புறம் நீ வாங்கித் தந்த ஹெட்போனைத் தேடி எடுத்து, ஹோமரின் கிரேக்கப் போர்க்காவியம் இலியட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்டேன். மனோவார் என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு 1992இல் இப்படி ஒரு காரியம் செய்திருக்கிறது என்று வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். ட்ராய் இளவரசன் ஹெக்டர் மதிலை உடைக்கிறான், கிரேக்க வீரன் அக்கிலீஸின் தோழன் பட்ரோக்ளஸ் சாகிறான், இறுதி ஊர்வலம், அக்கிலீஸுக்குப் புதுக் கவசம், ஹெக்டரின் கடைசி நேரம். ஊர்வலத்தை மட்டும் முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். பட்ரோக்ளஸுக்குச் சிதை மூட்டுவது ஹெக்டர் செத்த பிறகு, இருபத்துமூன்றாம் பகுதியில்தான். உனக்குத் தெரியாததா.

கவசம் செய்யும் இடத்தில் என்னை மடக்கிவிட்டார்கள். நொண்டிக் கொல்லன் ஹெபைஸ்டஸ் இரவோடு இரவாக உலையில் வேலை செய்கிறான் அல்லவா? அதற்கு வார்த்தை எதற்கு என்று டிரம்மை மட்டும் தனியாக விட்டிருக்கிறார்கள், கோயில் கொடையில் தவிலுக்குத் தனி விடுகிற மாதிரி. ஹோமர் அந்தக் கேடயத்தில் செதுக்கிய கல்யாண ஊர்வலம், அறுவடை, திராட்சைத் தோட்டம் எதுவும் அதில் இல்லை. ஆனால் சம்மட்டி இருக்கிறது. மாடியில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

அந்தப் பாட்டில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் குறையைச் சொல்ல வேண்டும்.

உன் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கிய எலக்ட்ரிக் கிட்டாரை நான் பரணில் தூக்கிப் போட்டது உனக்கு மறந்திருக்காது. அம்மன் கொடைக்கு நாலு தெரு கேட்க மைக்செட் கட்டுகிற ஊரில், உன் ஒரு கிட்டாரை மட்டும் சத்தம் என்றேன். அதே வருஷம்தான் இன்ஜினியரிங் இடத்தை வேண்டாம் என்றுவிட்டு, ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவரிடம் வாரம் இரண்டு நாள் லத்தீன் படிக்கப் போனாய். பிறகு கிரேக்கம். தமிழ் வாத்தியார் மகள் செத்த மொழி படிக்கிறாள் என்று ஊர் சிரிக்கிறது என்றேன். ஊர் சிரிக்கவே இல்லை. சிரித்தது நான்தான். எனக்குத் தெரிந்த யவனரெல்லாம் அகநானூற்றில் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியவர்கள். வந்தவர்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு போகட்டும், என் மகள் எதற்குப் பின்னாலேயே கப்பல் ஏற வேண்டும் என்பது என் வாதம். எட்டு மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை.

ஜூலையில் நீ போன் செய்து அழுதபோதும் எனக்குச் சரியாகப் பேச வரவில்லை. பிளாக் சாபத் குழுவின் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் போய்விட்டார் என்றாய். எனக்கு அந்தப் பெயர் நீ பதினாறு வயதில் சுவரில் ஒட்டிய படமாக மட்டும்தான் தெரியும். "எழுபத்தாறு வயசுதானே, நல்ல சாவு" என்று சொல்லிவைத்தேன். என்ன பேச்சு அது. 2013 மே மாதம் டி.எம்.எஸ். போன அன்று நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. நீ ஒரு வார்த்தை கேலி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாட்டை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாய். அதை நினைத்துக்கொண்டுதான் மறுநாளிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

ஜூலை 5 பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் பாடியதைப் பார்த்தேன். நடக்க முடியாத மனுஷன், வளர்ந்த ஆஸ்டனுக்கே வந்து கடைசியாகப் பாடிவிட்டுப் பதினேழு நாளில் போய்ச் சேர்ந்திருக்கிறார். ஜூலை 30 பிராட் தெருவில் அவர் வண்டி வந்தபோது பாலத்தில் பூக்களுக்கு நடுவே நீ நின்ற படத்தை அம்மா பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறாள். "எந்தக் கோயில் திருவிழாடா இது?" என்று உன் மாமா கேட்டார். ஏறக்குறைய அதுதான் என்றேன்.

அவரைவிட எனக்கு அதே குழுவின் கிட்டார்காரர் டோனி ஐயாமியின் கதைதான் பிடித்தது. பதினேழு வயது. பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் பட்டறையில் அன்றைக்குத்தான் கடைசி நாள் வேலை. இயந்திரம் வலக்கையில் இரண்டு விரல் நுனிகளை வாங்கிக்கொண்டது. இடக்கையால் மீட்டுகிறவர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்த வலக்கைதான். பட்டறை மேஸ்திரி ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் கிட்டார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. ஐயாமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்தியாக மாற்றினார். பிறகு தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த ஓசையில் பாதி இந்த விரல்களால் வந்தது. நொண்டிக் கொல்லன் கதை சொன்னேனே, இதுவும் அதுதான்.

1970இல் வந்த அவர்களுடைய முதல் தட்டின் முதல் பாட்டையும் கேட்டேன். மூன்றே ஸ்வரம். ஆதார ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கி நிற்பது பிரதி மத்யமத்தில். மேற்கில் அந்த இடைவெளிக்குப் பிசாசின் பெயர் வைத்திருக்கிறார்களாம். நமக்கு அது கல்யாணியில் தினமும் வரும் ஸ்வரம், ஒரு பிசாசையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பஞ்சமம் வந்து கை கொடுக்கும் என்று காது காத்திருக்க, அவர் கொடுக்காமல் அப்படியே அதிரவிடுகிறார். பயம் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றியது. தப்பென்றால் திருத்து.

இனி பர்மிங்ஹாமைப் பற்றி நீ கவனிக்காத ஒன்று. நம் வீட்டு அலமாரியில் இரண்டாவது தட்டில் நீலத்தாள் அட்டை போட்டு ஒரு புத்தகம் இருக்குமே, ஈழத்துக் க. கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியது? அது பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆராய்ச்சி. வழிகாட்டியவர் ஜார்ஜ் தாம்சன், கிரேக்கப் பேராசிரியர். ஐயாமி விரலை இழந்தது, கைலாசபதி புறநானூற்றையும் ஹோமரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தது, எல்லாம் ஒரே ஊரில் அறுபதுகளில். புத்தகம் வெளியானது 1968. நீ அழுத அந்தக் குழு ஒன்று சேர்ந்ததும் 1968. இதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் நான் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

ஹோமரின் பாட்டு எழுதிச் செய்ததல்ல, வழிவழியாக வந்த வாய்பாட்டுத் தொடர்களை அடுக்கிப் பாணர்கள் பாடியது என்று மில்மன் பாரி என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். கைலாசபதி அதை நம் புலவர்களுக்கும் பொருத்தினார். நான் அதை முழுதாக ஒத்துக்கொண்டதில்லை. குறுந்தொகையில் ஒரு பாட்டை எடுத்து, பாடும்போதே கட்டியது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் "விரைகால் அக்கிலீஸ் என்று திரும்பத் திரும்ப வருவதும் ஒரு ரிஃப் திரும்பத் திரும்ப வருவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, அப்பா" என்று நீ போன பொங்கலுக்குச் சொன்னாயே, அது இப்போது புரிகிறது. ரிஃப் என்றால் கிட்டாரில் மறுபடி மறுபடி வரும் சிறு இசைத்துண்டு என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். பாடுகிறவனுக்கு மூச்சு வாங்க இடம், கேட்கிறவனுக்குக் கால் ஊன்ற இடம். ஹோமரின் முதல் சொல்லே சினம்தான் என்று அன்றைக்கே "மேனின்" என்று சொல்லிக் காட்டினாய். அப்போது நான் கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன்.

ஐயன் மெய்டன் என்ற இங்கிலாந்துக் குழுவின் அலெக்சாண்டர் பாட்டையும் விடவில்லை. 1986இல் போட்ட பாட்டை 2023வரை மேடையில் பாடவே இல்லையாமே, என்ன பிடிவாதம்! பத்தொன்பது வயதில் அரசனானான் என்கிறார்கள், அவன் வாழ்க்கையை எழுதிய பழைய கிரேக்கர் புளூட்டார்க் இருபது என்கிறார். படை அவனோடு இந்தியாவுக்கு வர மறுத்தது என்கிறார்கள். அப்படியானால் போரஸோடு ஜீலம் கரையில் சண்டை போட்டது யார்? படை மறுத்தது பியாஸ் ஆற்றங்கரையில். நீ பள்ளிக்கூட நாளிலேயே இதைச் சொல்லிக் குதித்தது ஞாபகம் வந்தது. பாட்டில் தப்புக் கண்டுபிடிக்கப் போய்த்தான் நீ வரலாற்றுக்குள் போனாய் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அந்தப் பாட்டு பிலிப் மகனிடம் சொன்ன வார்த்தையோடு தொடங்குகிறது. புளூட்டார்க்கில் போய்ப் பார்த்தேன். தன் நிழலைப் பார்த்து மிரளும் குதிரையைப் பையன் வெயிலுக்கு நேராகத் திருப்பி அடக்கிவிடுகிறான். தகப்பன் சந்தோஷத்தில் அழுது, உனக்கேற்ற ராஜ்ஜியத்தை வேறெங்காவது தேடிக்கொள், மாசிடோனியா உன்னைத் தாங்காது என்கிறான். நான் உன்னிடம் சொன்னது, "பேசாம பி.எட். முடி, பக்கத்திலேயே வேலை பார்க்கலாம்."

சரி, குறைக்கு வருகிறேன். அந்த இருபத்தெட்டு நிமிடத்தில் ஹெக்டரின் தகப்பன் பிரியாம் எங்கே?

ஹெக்டரின் உடலைச் சிதைக்கும் இடத்தை பாஸ் கிட்டாரில் இழுத்து இழுத்துக் காட்டுகிறார்கள். அப்புறம் அக்கிலீஸின் புகழ் என்று முடித்துவிட்டார்கள். இருபத்துநாலாம் பகுதி காணாமல் போய்விட்டது. கிழவன் ராத்திரியில் எதிரி பாசறைக்குள் போய், தன் பிள்ளைகளைக் கொன்ற கையை முத்தமிட்டு, உன் தகப்பனை நினைத்துப் பார் என்று கேட்கிறானே. அக்கிலீஸ் தன் தகப்பன் பீலியஸை நினைத்து அழ, பிரியாம் மகனை நினைத்து அழ, அந்தக் குடிசை முழுக்க அழுகை. அப்புறம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிள்ளை செத்ததிலிருந்து கண்ணை மூடவில்லை, எனக்குப் படுக்கை போட்டுத் தா என்று கிழவன் கேட்கிறான். காரியத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கொன்றவனே கேட்கிறான். ஒன்பது நாள் அழுகை, பத்தாம் நாள் அடக்கம், பதினொன்றில் மேடு எழுப்புவோம், பன்னிரண்டாம் நாள் வேண்டுமானால் சண்டை போடுவோம் என்று கிழவன் கணக்குச் சொல்கிறான். நம் வீட்டில் தாத்தாவுக்குக் காரியம் வைத்தபோது திண்ணையில் உட்கார்ந்து நாள் எண்ணினோமே, அதே பேச்சு.

"ஈன்று புறந்தருதல்" பாட்டை எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன்! பெறுவது தாய்க்குக் கடன், சான்றோன் ஆக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு. மகன் செத்தால் என்ன கடன் என்று அதில் இல்லை. இன்னொரு பாட்டில் கிழத்தாய் களத்தில் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள், மகன் புறமுதுகு காட்டவில்லை என்று கண்டதும் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். மார்பு நிமிர்த்தி நடத்துவேன். பெஞ்சு பெஞ்சாகப் பையன்கள் கைதட்டுவார்கள். தகப்பன் போய்க் கெஞ்சி உடலை வாங்கி வரும் புறப்பாட்டு எதுவும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. இதை எழுதும்போது என் ஆசிரியர்கள் யாராவது மேலிருந்து முறைப்பார்கள், முறைக்கட்டும்.

வீரம், கவசம், தேர், சினம் எல்லாவற்றுக்கும் உன் குழுக்களிடம் பாட்டு இருக்கிறது. கிழவன் கை கூப்புவதற்கு மட்டும் அந்தக் குழு இடம் கொடுக்கவில்லை. அந்தக் கனத்த சுருதி அதற்குத்தான் ரொம்பப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. வேறு யாராவது பாடியிருக்கிறார்களா? கிரேக்கத்திலேயே ராட்டிங் கிரைஸ்ட், செப்டிக் ஃபிளெஷ் என்றெல்லாம் குழுக்கள் இருப்பதாகச் சொன்னாயே, அவர்களிடம் இருக்குமா? உனக்குத் தெரியாமல் இருக்காது.

கிட்டாரை இறக்கிவிட்டேன். தந்தி ஆறும் துருப்பிடித்துவிட்டது, கழுத்து லேசாக வளைந்திருக்கிறது. ஜங்ஷனில் ஒரு பையன் சரிசெய்து தருகிறேன் என்றான். எந்தத் தந்தி போடுவது என்று கேட்டான். மெல்லிசாகவே போடு, சுருதி இறக்க வேண்டியிருக்கும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

பிரியாம் பாட்டு கிடைத்தால் உடனே அனுப்பு. எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை, அம்மா தூங்கின பிறகு ஹெட்போனில் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா