அக்கா, அந்த ஏழு ஊர்ப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வை

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய மத்திய அமெரிக்கக் கோஸ்டா ரிகா பயணத் திட்டத்தை முழுசாகப் படித்தேன். சான் ஹோசேயில் இறங்கி டோர்டுகேரோ, லா ஃபோர்டுனா, மோன்டேவெர்டே, டமரிண்டோ, மானுவல் அன்டோனியோ, கடைசியில் கோர்கோவாடோ என்று 11 நாளில் ஏழு ஊர், ஒவ்வொரு நாளுக்கும் மணிக்கணக்கு, எங்கே சாப்பாடு என்பது வரைக்கும். எத்தனை ராத்திரி உட்கார்ந்து போட்டிருப்பாய் என்று தெரிகிறது. ஆனால் அதே வாரம் சின்னவள் என்னோடு போனில் பேசும்போது, "சித்தி, எங்கே போகணும்னு என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் விட்டிருப்பேன். சும்மா, ஒரு தகவல் மாதிரி சொன்னாள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெரியவனுக்கு 17, அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போய்விடுவான். சின்னவளுக்கு 14. அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நீயும் அத்தானும் முடிவு செய்தால் போதும், நீச்சல் குளமும் ஐஸ்கிரீமும் இருந்தால் எந்த ஊரும் அவர்களுக்கு நல்ல ஊர். இப்போது அப்படி இல்லை. தான் கேட்டு வாங்கிய நாளில் இந்த வயதுப் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டுகூட நடக்கிறார்கள், மற்றவர்கள் போட்ட நாளில் வெயில் அடித்தாலும் முகம் தொங்கிவிடுகிறது. என் பிள்ளைகளோடு அங்கே போனபோது இதைக் கண்கூடாகப் பார்த்தேன். அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஊர்களைக் குறை, குறைத்ததில் ஒரு பங்கை நிஜமாகவே பிள்ளைகள் கையில் கொடு. பேருக்குக் கருத்துக் கேட்டுவிட்டு நீ நினைத்ததையே செய்கிற வேலை அவர்களிடம் எடுபடாது, உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் ஏன் குறைக்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் பார்த்தால் அது சின்ன நாடு, மொத்தமே 51,100 சதுர கிலோமீட்டர்தான். அதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நடுவே மலைத்தொடர் ஓடுகிறது, சாலைகள் பெரும்பாலும் போக ஒன்று வர ஒன்று, முன்னால் ஒரு லாரி மாட்டினால் அதன் பின்னாலேயே வளைந்து வளைந்து ஊர வேண்டியதுதான். சான் ஹோசேயிலிருந்து லா ஃபோர்டுனா ஏறத்தாழ 130 கிலோமீட்டர், ஆனால் மூன்று மணி நேரம் ஆகும். லா ஃபோர்டுனாவுக்கும் மோன்டேவெர்டேவுக்கும் நேர்க்கோட்டில் தூரமே இல்லை, நடுவில் அரேனல் ஏரி கிடப்பதால் சுற்றிக்கொண்டு போனாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல், வேனில் போய் படகில் ஏறி மறுகரையில் இன்னொரு வேன் பிடித்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவே. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வருஷம் முழுக்க சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், இருட்டில் அந்த மலைச்சாலைகளில் அத்தான் வண்டி ஓட்டவே வேண்டாம். போதாக்குறைக்கு நீங்கள் போவது ஜூலைக் கடைசியில். அது மழைக்காலம், பசுமைக் காலம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பல நாட்களில் காலையில் நல்ல வெயில் இருக்கும், மதியத்துக்கு மேல் கொட்டும். ஆக உன் பட்டியலில் ஊர் மாறுகிற நாளெல்லாம் வீணாய்ப் போன நாள்தான், காலை முழுக்க வண்டியில், மதியம் மழையில்.

என் யோசனை இது. முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அலஹுவேலாவில் தங்கிக்கொள், சான் ஹோசே நகருக்குள் போகக்கூட வேண்டாம். டோர்டுகேரோவில் இரண்டு ராத்திரி. லா ஃபோர்டுனாவில் நாலு. மிச்ச நாளுக்கு ஒரே ஒரு ஊர், அதைப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். உன் பட்டியலில் மற்றவற்றை இந்தத் தடவை விட்டுவிடு. டமரிண்டோ வடமேற்கு மூலையில் இருக்கிறது, அந்தப் பக்கத்து லைபீரியா நகர விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்குத்தான் அது வசதி. கோர்கோவாடோவை விட மனசு வராது உனக்கு, தெரியும். அந்த நாட்டில் இருக்கிற நாலு வகைக் குரங்கும் ஒரே காட்டில் இருக்கிற இடம், டேபிர் என்கிற, பன்றி மாதிரி உடம்பும் நீண்ட மூக்கும் உள்ள காட்டு விலங்கைப் பார்க்கலாம். ஆனால் அது தென்மேற்குக் கோடி, 2014 முதல் அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை, அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும். அவசர அவசரமாக ஒன்றரை நாளில் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற காடு இல்லை அது.

மூன்றாவது ஊருக்கு இரண்டு பெயர்களை அவர்கள் முன்னால் வை: மோன்டேவெர்டே, உவிட்டா. இரண்டுமே நல்லவை என்பதால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் உனக்கு வருத்தம் இருக்காது.

மோன்டேவெர்டே மேகக்காடு. மலை மேல், குளிராக, மரத்தின் மேல் மரம் முளைத்த மாதிரி பாசியும் ஆர்க்கிட்டும். 1951ல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து க்வேக்கர் என்கிற, போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறின, ராணுவச் சேவை வேண்டாம் என்று, ராணுவத்தையே 1948ல் கலைத்துவிட்ட நாட்டைத் தேடிப் போனவர்கள். பெரியவனுக்கு வரலாறு பிடிக்கும், இதைச் சொல். சின்னவளிடம் சொல்ல வேறு ஒன்று இருக்கிறது. அங்கே குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு என்று ஒரு காடு உண்டு. 1987ல் ஸ்வீடனில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மழைக்காடு அழிகிறது என்று வகுப்பில் கேட்டுவிட்டு, காசு சேர்த்துக் கொஞ்சம் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துப் பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்துகொள்ள, இன்று அது 22,000 ஹெக்டேருக்கு மேல். அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் ஆரம்பித்த காடு. எனக்கு அந்த நாட்டைப் பற்றித் தெரிந்ததிலேயே இதுதான் ரொம்பப் பிடித்தது.

உவிட்டா பசிபிக் கரை. ஜூலை முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி போட அந்தக் கடலுக்கு வருகின்றன, நீங்கள் போகிற நேரம் சரியாக அமைகிறது. கடல் உள்வாங்கும்போது திமிங்கிலத்தின் வால் வடிவத்திலேயே ஒரு மணல்திட்டு வெளியே தெரியும், அதன் மேல் நடந்து போகலாம். அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளவும் முடியும். பெரியவன் இதைத்தான் கேட்பான் என்று நினைக்கிறேன், பார்ப்போம்.

தூக்க விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சண்டை அங்கேதான் வரும். வெப்பமண்டலக் காட்டில் எல்லாமே விடியற்காலையில் நடக்கும், ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும், பறவையும் குரங்கும் எட்டு மணி வரைதான் சுறுசுறுப்பாக இருக்கும். உன் பிள்ளைகள் விடுமுறையில் பத்து மணிக்கு முன்னால் எழுந்திருப்பவர்களா? ஒரு நாள் அதிகாலை, மறுநாள் யாரும் யாரையும் எழுப்பக் கூடாது என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள். மதிய மழையில் அவர்கள் தூங்கட்டும், நீயும் தூங்கு. அப்புறம் ராத்திரி நடைக்குக் கூட்டிக்கொண்டு போ. லா ஃபோர்டுனாவிலும் மோன்டேவெர்டேவிலும் வழிகாட்டியோடு போகலாம், பெரிய பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை, அவர்கள் விழித்திருக்கிற நேரமும் தவளைகள் விழித்திருக்கிற நேரமும் ஒன்றாக இருக்கிறது. பகலில் கண்ணை மூடிக் கால்களை மடக்கி இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டிருக்கிற செங்கண் மரத்தவளை ராத்திரியில்தான் கண்ணைத் திறந்து, நீல விலாவையும் ஆரஞ்சு நிறப் பாதத்தையும் காட்டும்.

டோர்டுகேரோவை எதற்காகவும் விட்டுவிடாதே. அந்த ஊருக்குச் சாலை கிடையாது, லா பவோனா படகுத்துறையில் வண்டியை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஆற்றில் போக வேண்டும், அதனால் ஆளுக்கு ஒரு சின்னப் பைதான். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை பச்சைக் கடலாமைகள் அந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. வழிகாட்டி இல்லாமல் ராத்திரியில் கரைக்குப் போக முடியாது, கறுப்பு மாதிரி அடர்த்தியான நிறத்தில் உடுத்த வேண்டும், போனோ கேமராவோ எடுக்கவே கூடாது. என் மகனுக்கு அந்தப் போன் விதி சொன்னதும் முகம் சுருங்கியது. அப்புறம் வழிகாட்டியின் மங்கலான சிவப்பு விளக்கில் குனிந்து பார்த்தோம், ஆமை பின்கால்களால் தோண்டிய குழிக்குள் முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழுந்துகொண்டே இருந்தன, பிங்பாங் பந்து மாதிரி, ஈரமாக. போட்டு முடித்துவிட்டு அது மண்ணை மூட ஆரம்பித்தபோது முன்துடுப்பால் வீசிய மணல் எங்கள் கணுக்காலில் சடசடவென்று அடித்தது. அவன் நகரவே இல்லை. திரும்பி வரும்போது தானாகவே பேச ஆரம்பித்தவன் படுக்கும்வரை நிறுத்தவில்லை. அந்தக் கடலில் குளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதே, நீரோட்டம் பலமானது.

லா ஃபோர்டுனாவில் அரேனல் எரிமலை. 1968ல் வெடித்து 2010 வரை புகைந்துகொண்டே இருந்தது, இப்போது அமைதி, ஆனால் வெந்நீர் ஊற்றுகள் அதன் சூட்டில்தான். அங்கே இருக்கிற நாலு நாளில் ஒரு காலையை ரியோ செலெஸ்டேவுக்கு ஒதுக்கு, டெனோரியோ எரிமலைப் பூங்காவில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். தெளிந்த நிறமில்லாத இரண்டு ஓடைகள் வந்து சேர்கிற இடத்தில், சேர்ந்த அந்தக் கோட்டிலிருந்தே தண்ணீர் பளீரென்று நீலமாகிறது. ஒரு ஓடையின் அமிலத்தன்மையால் மற்றதில் மிதக்கிற அலுமினோசிலிகேட் என்கிற கனிமத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, நீல ஒளியைச் சிதறடிக்கின்றன. கையில் அள்ளினால் நிறம் இருக்காது. பெரியவனிடம் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடாதே, அங்கே நின்று அவனே யோசிக்கட்டும். குளிக்க அனுமதி இல்லை. பலத்த மழைக்குப் பிறகு தண்ணீர் பழுப்பாகிவிடும், அதனால் முந்தின நாள் விசாரித்துக்கொண்டு கிளம்பு.

கடலைப் பற்றி ஒன்று, இதைக் கறாராகவே சொல்கிறேன். உன் மகன் நீச்சல் குளத்தில் மீன் என்பதால் நீ தைரியமாக இருக்கிறாய். பசிபிக் கரையில் பல இடங்களில் கரையிலிருந்து உள்ளே இழுக்கிற நீரோட்டம் உண்டு, பல கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் கிடையாது. இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகுதான் திரும்ப வேண்டும். இரண்டு பேரையும் உட்கார வைத்து, வாயால் திருப்பிச் சொல்லவைத்துக் கேள். தனியாக யாரும் இறங்கக் கூடாது, அத்தான் உட்பட.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். 12 வயது ஆனாலே விமானத்தில் பெரியவர் கட்டணம்தான், ஆக நாலு பேரும் முழு டிக்கெட். ஒரே குடும்ப அறை வேண்டாம், இரண்டு படுக்கையறை உள்ள வீடாக எடு, 17 வயதுப் பையனும் 14 வயதுப் பெண்ணும் ஒரே சோபா படுக்கையில் என்றால் இரண்டாவது நாளே எல்லோருக்கும் எரிச்சல் வரும். வாடகைக் காருக்கு இணையத்தில் காட்டுகிற விலையை நம்பாதே, அந்த நாட்டுச் சட்டப்படி கட்டாயமான காப்பீடு பல சமயம் அதில் சேர்ந்திருக்காது, எழுத்தில் மொத்தத் தொகையைக் கேட்டு வாங்கு. நிறுத்திய காரில் பையை விட்டுப் போகாதே. டெங்கு கொசு பகலில் கடிப்பது, அதனால் கொசு மருந்து காலையிலேயே பூச வேண்டும். கொலம்பியா, பிரேசில் போன்ற நாடுகளில் தங்கிவிட்டு வருபவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், ஊசியைக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும், நீங்கள் எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்.

காசையும் கொஞ்சம் அவர்கள் கையில் கொடு. ஒரு டாலருக்கு அந்த நாட்டுப் பணத்தில் ஏறத்தாழ 500 கொலோன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு நாலு பேருக்கான பணத்தைச் சின்னவளிடம் கொடுத்து, எங்கே சாப்பிடுவது என்று அவளையே முடிவு செய்யச் சொல். சோடா என்று பெயர்ப்பலகை மாட்டிய சின்ன உணவகங்களில் சோறு, பீன்ஸ், வாழைப்பழ வறுவல், சாலட் எல்லாம் ஒரே தட்டில் வரும், கசாடோ என்று கேட்க வேண்டும். ஸ்பானிஷில் அவளே கேட்கட்டும், பள்ளியில் படித்தது எதற்கு இருக்கிறது.

விமான டிக்கெட்டைத் தவிர இந்த வாரம் எதையும் பதிவு செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரிடமும் மோன்டேவெர்டேவா உவிட்டாவா என்று கேட்டுவிட்டு, அவர்களுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடு. முடிவு வந்ததும் எனக்கு எழுது, டோர்டுகேரோவில் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டியின் விவரத்தை அனுப்புகிறேன், அதை முதலில் உறுதி செய்துவிட்டு மற்ற நாட்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் தங்கை