கிணற்றின் ஊற்றுக்கண்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் குழந்தை பிறந்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம்.

ஊர்க் கல்குவாரியில் நகரத்துக் குப்பையைக் கொட்டப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, இரண்டு நாளாக அதே நினைப்பு. அடியில் பாறைதானே, எதுவும் இறங்காது என்று அவர்கள் சொல்வதை நம்பாதே. நாம் நீச்சல் பழகிய கிணற்றில் மூச்சடக்கி அடிவரை போய், பாறை இடுக்கில் சில்லென்று நீர் வரும் ஊற்றுக்கண்ணைக் காலால் தொட்டுவிட்டு வருவோமே. அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் வருமென்றால் குப்பைச்சாறும் வரும்.

சோறும் காய்கறியும் அழுகிக் கக்கும் நீரோடு மழையும் சேர்ந்து, பேட்டரி, பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு கறுப்பாக இறங்குவதைத்தான் லீச்சேட் என்கிறார்கள். இரண்டரை ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். ஐப்பசி அடைமழையை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

முறையாகச் செய்ய வழி இருக்கிறது. 2016 திடக்கழிவு விதிகளில், அடியில் 90 சென்டிமீட்டர் களிமண்ணை இறுக்கி, மேலே 1.5 மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும் என்று இருந்தது. நிலத்தடி நீர்மட்டம் களிமண்ணுக்கு 2 மீட்டராவது கீழே இருக்க வேண்டும் என்றும் இருந்தது. விரிப்பின்மேல் ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாய்களைச் சரிவாகப் பதிப்பார்கள். சாறு தொட்டிக்கு வடியும், பம்பு வைத்து இறைத்துச் சுத்திகரிப்பார்கள். குழாயில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது கழுவ வேண்டும். குப்பை பழசாக ஆகச் சாற்றில் அமோனியா மிஞ்சி நிற்கும், அதை எடுப்பது பெரும்பாடு. குழியை மூடிய பிறகும் பல ஆண்டுகள் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடிவிரிப்பைப் பிறகு போட முடியாதடா. சென்னையில் பெருங்குடிக் குப்பைமேட்டில் அது இல்லாமலேதான் பல பத்தாண்டுகள் கொட்டினார்கள், அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பிலேயே. 2022இல் அந்தச் சதுப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து எடுக்கலாம். மண்ணுக்குள் போன சாற்றை எப்படி எடுப்பது? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கிராமசபையில் விரிப்பு உண்டா, குழாய் உண்டா, தொட்டி எங்கே என்று கேள். அதற்கு முன், முதல் லாரி வருவதற்குள் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அமோனியா, குளோரைடு அளவுகளை எழுத்தில் வாங்கி வை. நாளை தண்ணீர் மாறினால், முன்பு நன்றாக இருந்ததற்கு அந்தத் தாள்தான் சாட்சி. செலவை நான் அனுப்புகிறேன், மறுக்காதே.

பேரப்பிள்ளைக்கு என் முத்தம்.

என்றும் உன்
நண்பன்